இராமநாதபுரம் கடலோரக் களிமண்ணில் அருமண் தனிமங்கள்: எந்த எண்ணை வரைபடத்தில் ஏற்றுவது?

கோட்டைக்கரையான்:
தேவிபட்டினம் முதல் வாலிநோக்கம் வரை கடலோரக் களிமண்ணுக்கு அருமண் (லாந்தனம், சீரியம், இட்ரியம் போன்ற தனிமங்கள்) வரைபடம் தயாரிக்க வேண்டும். கண்மாய்க் களி, உப்பளப் பாத்திக்கு அடியில் இருக்கும் கருங்களி, ஆற்றங்கரைப் பக்கம் வைகை முகத்துவாரத்துச் சேறு மூன்றும் இதில் அடங்கும். தென்சீனாவில் களிமண்ணில் ஒட்டியிருக்கும் அருமண்ணை உப்புக் கரைசலால் கழுவியே எடுத்துவிடுகிறார்கள். நம்ம பக்கம் களிக்குப் பஞ்சமே இல்லையே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மொத்த அருமண் 400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 400 பங்கு) தாண்டும் இடத்தைச் சிவப்பாகக் காட்டினால் போதுமா? ஆகர் (மண்ணைத் திருகி எடுக்கும் கருவி) துளை எவ்வளவு இடைவெளியில்? எந்தச் சோதனை கட்டாயம், எது வீண் செலவு?

வண்டல்மேடு:
தம்பி, 400ஐ எல்லையா வச்சு சிவப்படிச்சா உங்க கைக்கு வர்றது மோனசைட் வரைபடம், அதாவது அருமண்ணும் தோரியமும் உள்ள பாஸ்பேட் கனிமத்தோட வரைபடம். களிமண் அருமண் வரைபடம் இல்ல.

சீனாக்காரங்க 1969ல ஜியாங்சி மாகாணத்து லாங்நான்ல கண்டுபிடிச்சது வேற சங்கதி. அங்க கிரானைட் பாறை இருந்த இடத்துலயே மக்கி, அஞ்சு மீட்டர்ல இருந்து முப்பது மீட்டர் வரை தடிமனான மண்ணா நிக்குது. மழைத்தண்ணி மேல்மண்ணுல அருமண்ணைக் கரைச்சு கீழ இறக்குது. கீழ இருக்கற கயோலினைட், ஹாலோய்சைட்ங்கற களிக் கனிமங்கள் அதை அயனியாப் பிடிச்சு வச்சுக்குது. மண்ணு புளிப்பு, பி.எச். 5ஐ ஒட்டி இருக்கும். ஆக்சைடு கணக்குல 500ல இருந்து 2,000 பி.பி.எம். கிடைச்சாலே அவங்களுக்கு அது தாது, ஏன்னா பாறையை உடைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம்.

இராமநாதபுரம் கடலோரத்துல அடிப்பாறை பல இடத்துல ஆயிரம் மீட்டருக்கும் கீழ கிடக்கு. காவிரிப் படுகையோட தென்கோடி இது. எரிவாயு எடுக்கற அளவுக்குப் படிவு இருக்கற இடம். மேல இருக்கற களி எல்லாம் வைகையும் குண்டாறும் சுமந்துவந்து கொட்டினது, கடல் ஏறி இறங்கி ஊறப்போட்டது. பி.எச். 8ஐ ஒட்டி நிக்கும், சிப்பித்தூள் கலந்திருக்கும். சீனாவுல அருமண்ணைச் சேர்த்து வச்ச காரணம் ஒண்ணுகூட இங்க இல்ல.

அப்ப அந்த 400 எங்கிருந்து வருதுன்னு கேட்டா, கணக்கு சுலபம். நம்ம கடற்கரை மோனசைட்டுல அருமண் ஆக்சைடு ஏறத்தாழ 60 சதவீதம். மண்ணுல ஆயிரத்துல ஒரு பங்கு மோனசைட் கலந்தாலே 600 பி.பி.எம். ஆச்சு. வருசநாட்டு மலையில இருந்து மதுரை வழியா வர்ற வைகை சார்னோக்கைட், நைஸ் பாறைகளை அரிச்சுட்டு வருது. அதோட வண்டல்ல அவ்வளவு இருக்கறது அதிசயமே இல்ல.

சவுடு:
அண்ணே, ஒரு இடத்தில் உடன்பாடில்லை. கயோலினைட்டின் அயனிப் பரிமாற்றத் திறன் (அயனிகளைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் அளவு) 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லிசமன்தான். கமுதி, முதுகுளத்தூர் கரிசலில் இருக்கும் ஸ்மெக்டைட் என்ற களிக் கனிமத்துக்கு 80க்கு மேல். பிடித்து வைக்கும் இடம் பத்து மடங்கு இருக்கும்போது, அருமண் கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா? மோனசைட் இருக்கிறது என்பதாலேயே ஒட்டிய பங்கு பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

வண்டல்மேடு:
சேர்ந்து இருக்கலாம், மறுக்கல. ஆனா இடம் காலியா இருந்தாத்தானே ஆள் உட்காரலாம்? கடல்தண்ணி ஊறின களியில அந்த இடத்தையெல்லாம் சோடியமும் மெக்னீசியமும் கால்சியமும் பிடிச்சிருக்கு. இன்னொண்ணு, பி.எச். 7க்கு மேல போனா அருமண் தனி அயனியா நிக்காது. கார்பனேட்டோட இணையும், இரும்பு ஆக்சைடு மேல இறுக ஒட்டும், பாஸ்பேட் இருந்தா அதோட கெட்டியாயிரும். ஒட்டியிருக்கும், ஆனா உப்புக் கரைசலுக்குக் கழண்டு வராது. கழண்டு வருதா இல்லையாங்கறதுதான் கேள்வியே. அதுக்குப் பரிமாற்றத் திறனைப் பார்த்துப் பிரயோசனம் இல்ல, கழுவிப் பார்த்தாத்தான் தெரியும்.

ஆய்வகமேசை:
கழுவிப் பார்ப்பதிலும் இந்தக் கடலோர மண் ஏமாற்றும். அதை விரிவாகச் சொல்கிறேன்.

வழக்கமான சோதனை இது. அரை மோலார் அம்மோனியம் சல்பேட், அதாவது லிட்டருக்கு 66 கிராம். கந்தக அமிலத்தால் பி.எச். 4க்குக் கொண்டுவந்து, 50 கிராம் மண்ணுக்கு 100 மில்லி ஊற்றி அரை மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிக்க வேண்டும். வடிநீரில் உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து 2 சதவீதமாக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் அருமண் குப்பிச் சுவரில் ஒட்டிவிடும். பிறகு ஐ.சி.பி.-எம்.எஸ். (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும்) கருவியில் அளவு.

புளிப்பு மண்ணுக்கு இது சரி. சுண்ணாம்பு 2 சதவீதம் உள்ள களிக்கு இதையே செய்தால் என்ன நடக்கும்? 50 கிராம் மண்ணில் 1 கிராம் சுண்ணாம்பு. அதை முறிக்க 0.02 மோல் அமிலம் வேண்டும். பி.எச். 4 கரைசல் 100 மில்லியில் இருப்பது 0.00001 மோல். இரண்டாயிரம் மடங்கு பற்றாக்குறை. குலுக்கத் தொடங்கியதுமே பி.எச். 7ஐத் தாண்டிவிடும், கழன்ற அருமண்ணும் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். அறிக்கையில் 'பரிமாற்றப் பங்கு இல்லை' என்று வரும். அந்த 'இல்லை'க்கு மதிப்பே கிடையாது.

சரி, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 4இல் நிறுத்திப் பிடிக்கலாம் என்றால், சுண்ணாம்பு, மீன் எலும்புத் துணுக்கில் உள்ள அப்படைட் (கால்சியம் பாஸ்பேட்), இரும்பு ஆக்சைடின் மேல்பூச்சு எல்லாம் கரைந்து அவற்றில் இருந்த அருமண்ணும் வந்து சேரும். கால்சியம் சல்பேட் வேறு ஜிப்சமாகப் படிந்து, கொஞ்சம் அருமண்ணைக் கூடவே இழுத்துக்கொள்ளும். வரும் எண் பெரிதாக இருக்கும், ஆனால் அது அயனிப் பரிமாற்றம் அல்ல.

ஆகவே இரண்டையும் செய்யுங்கள்: பி.எச்.ஐ அதன் போக்கில் விட்டு ஒன்று, 4இல் நிறுத்தி ஒன்று. முடிவு பி.எச்., செலவான அமிலம் இரண்டையும் பதிவு செய்யுங்கள். வடிநீரில் கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, அலுமினியம் நான்கையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். அருமண் ஏறும்போது பாஸ்பரஸும் இரும்பும் சேர்ந்து ஏறினால் விடை தெரிந்துவிடும். முடிவு பி.எச். இல்லாமல் வரும் கழுவல் சோதனை எண்ணை வரைபடத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கோட்டைக்கரையான்:
அக்கா, சீரியம் குறைவு ஒரு அடையாளம் என்கிறார்களே. சீரியம் நான்கு மின்னேற்ற நிலைக்குப் போய் மேல்மண்ணில் தங்கிவிடுவதால், கீழே ஒட்டிய பங்கில் சீரியம் பள்ளம் தெரியும் என்று. மண்டபம் பக்கத்துக் களியில் அந்தப் பள்ளம் தெரிந்தால் அயனி ஒட்டுதல் என்று கொள்ளலாமா?

ஆய்வகமேசை:
இந்தக் கடற்கரையில் கொள்ளவே கூடாது. கடல்நீருக்கே சீரியம் பள்ளம் உண்டு. கனமான அருமண் பக்கம் ஏறுமுகமும் உண்டு. அந்த நீரில் வளர்ந்த பவளமும் சிப்பியும் அதே கோலத்தைத் தாங்கி நிற்கும். மண்டபம், பாம்பன், கீழக்கரைக் களியில் பவளத்தூள் கலந்தால், சீன அயனிக் களியின் வடிநீர் போலவே வரைகோடு விழும். பார்த்த மாத்திரத்தில் ஏமாந்துவிடுவீர்கள்.

பிரித்துக் காட்டுவது இட்ரியம்-ஹோல்மியம் விகிதம். பாறையிலிருந்து வந்த களியில் அது 26 முதல் 28. கடல்நீரின் கையெழுத்து இருந்தால் 40க்கு மேல் போகும். சீரியம் பள்ளமும் உயர்ந்த விகிதமும் சேர்ந்து வந்தால் சுண்ணாம்பு பேசுகிறது. பி.எச். 5 உள்ள சோடியம் அசிட்டேட் கரைசலில் சுண்ணாம்பை நீக்கிவிட்டு மறுபடி அளந்தால் பள்ளம் காணாமல் போகும். சீரியம் கணக்குக்கு லாந்தனம், பிரசியோடிமியம் இரண்டின் பெருக்குச் சராசரியை எடுங்கள். நியோடிமியத்தை வைத்து நேர்கோட்டில் கணக்கிடுபவர்கள் உண்டு, ஆனால் இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

வண்டல்மேடு:
மோனசைட்டைப் பிடிக்க அதைவிட நேரான வழி இருக்கு. மண்ணை மூணாப் பிரிங்க: 63 மைக்ரானுக்கு மேல மணல், 2ல இருந்து 63 வரை வண்டல், 2க்குக் கீழ களி. மூணையும் தனித்தனியா எடை போட்டு தனித்தனியா அளங்க. அருமண் பூரா வண்டல் பங்குல உட்கார்ந்திருந்தா பேச்சே வேண்டாம், மோனசைட்டோ சிர்கானோதான். கூடவே தோரியம் பாருங்க. மோனசைட்டுல தோரியம் ஒரு பங்குன்னா சீரியம் மூணு பங்கு, ஏறத்தாழ. தோரியத்தையும் சீரியத்தையும் எதிரெதிரா குறிச்சா புள்ளியெல்லாம் அந்தச் சாய்வுல கோடு பிடிச்ச மாதிரி நிக்கும். அயனியா ஒட்டின அருமண்ணு கூட தோரியம் அப்படி ஏறாது.

ஆய்வகமேசை:
பிரிப்பதில் மூன்று எச்சரிக்கை. படிய வைக்கும் நேரம் புத்தகத்தில் 20 டிகிரிக்குப் போட்டிருக்கும்: 10 சென்டிமீட்டருக்கு ஏழே முக்கால் மணி நேரம். நம் ஊர் அறையில் தண்ணீர் 30 டிகிரி, ஆறு மணி நேரம் பத்து நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் களியில் ஒரு பங்கை இழப்பீர்கள்.

களியைப் பிரித்துவிட எல்லோரும் கால்கன், அதாவது சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் போடுவார்கள். அருமண் அளக்கும் மாதிரியில் அது கூடாது. பாஸ்பேட் அருமண்ணைப் பிடித்துக்கொள்ளும், பாஸ்பரஸ் அளவும் கெடும். வெறும் அயனி நீக்கிய நீரும் மீயொலித் தொட்டியும் போதும். ஆனால் உப்பு இருக்கும்வரை களி கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் போகும், ஆகவே கழுவித்தான் ஆக வேண்டும். கழுவினால் லேசாக ஒட்டியது கொஞ்சம் போய்விடும். அதனால் மாதிரியை முதலிலேயே இரண்டாகப் பிரித்து, கழுவாத பாதியைப் பரிமாற்றச் சோதனைக்கும் கழுவியதைப் பருமப் பிரிப்புக்கும் வையுங்கள்.

உப்பளக் களியில் உப்பின் எடையையும் கழிக்க வேண்டும். சாதாரணக் கடல்நீர் ஊறிய சேறு, ஈரம் 40 சதவீதம் என்றால், காய்ந்த எடையில் 2 சதவீதத்துக்கு மேல் உப்பு. பாத்திக்கு அடியில் ஊறியிருப்பது அடர்ந்த உப்புநீர், அங்கே பல மடங்கு. உப்பு நீக்கிய எடைக்குக் கணக்கிடாமல் உப்பளக் களியையும் கண்மாய்க் களியையும் ஒரே வண்ண அளவுகோலில் காட்டினால் உப்பளம் எப்போதும் ஏழையாகத் தெரியும்.

சவுடு:
கரைக்கும் முறை பற்றிச் சொல்லவில்லையே. நாலு அமிலத்தில் கரைப்பது மலிவு என்று ஆய்வகங்கள் அதையே தலையில் கட்டுகின்றன.

ஆய்வகமேசை:
நாலு அமிலம் சிர்கான், செனோடைம் கனிமங்களை முழுக்கக் கரைக்காது. கனமான அருமண் குறைந்து காட்டும். லித்தியம் மெட்டாபோரேட்டோடு உருக்க வேண்டும்: 0.1 கிராம் தூளுக்கு 0.5 கிராம், 1,000 டிகிரியை ஒட்டி, உருகியதை 5 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊற்றி 100 மில்லி ஆக்கி, இன்னொரு பத்து மடங்கு நீர்க்கச் செய்து கருவிக்கு விடலாம்.

அந்த 0.1 கிராமில்தான் இன்னொரு வினை. 200 மைக்ரான் மோனசைட் மணி ஒன்றின் எடை 21 மைக்ரோகிராம். ஒரே ஒரு மணி விழுந்தாலே முடிவில் 125 பி.பி.எம். ஆக்சைடு ஏறிவிடும். ஒரே மாதிரியின் இரண்டு அளவுகள் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது, அரைப்பு போதாது. 75 மைக்ரானுக்குக் கீழே அரைக்கச் சொல்லுங்கள், சல்லடையில் தங்குவதைத் தூக்கி எறிய விடாதீர்கள்.

யூரோப்பியம் எண் விசித்திரமாக இருந்தால் பேரியத்தைப் பாருங்கள். பேரியம் ஆக்சைடு கருவியில் யூரோப்பியம் போலவே எடை காட்டும். பிரசியோடிமியம் ஆக்சைடு கடோலினியத்தோடும், நியோடிமியம் ஆக்சைடு டெர்பியத்தோடும் அதே போல் மோதும். திருத்தம் செய்தார்களா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கோட்டைக்கரையான்:
களத்திலேயே ஒரு முன்கணிப்புக்குக் கையடக்க எக்ஸ்ரே கருவி உதவுமா? செயற்கைக்கோள் படம்?

தேரிக்காடு:
கையடக்க எக்ஸ்ரே கருவியில் இட்ரியம் ஒன்றுதான் ஓரளவு நம்பிக்கை. அதிலும் ருபீடியத்தின் இரண்டாம் கோடு இட்ரியத்தின் முதல் கோட்டு மேலேயே, 14.96 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், அச்சு அசலாக விழுகிறது. களியில் ருபீடியத்துக்குக் குறைவில்லை. மென்பொருள் கழிக்கிறதா என்று ருபீடியம் மிகுந்த, இட்ரியம் தெரிந்த ஒரு மாதிரியை வைத்துச் சோதியுங்கள். லாந்தனம், சீரியம் கோடுகள் டைட்டானியம், பேரியம் கோடுகளோடு நெருக்கியடிக்கும். இல்மனைட் (டைட்டானியக் கனிமம்) கலந்த மணலில் அதை நம்ப முடியாது. ஈரக் களியில் எண் இன்னும் இறங்கும், காயவைத்துத் தூளாக்கிய பிறகே வையுங்கள்.

காமாக்கதிர் நிறமாலைமானி இதைவிடப் பயன். தோரியத்துக்கு 2.61 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கோடு. ஒரு இடத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். அது பார்ப்பது மேலே முப்பது சென்டிமீட்டர் அளவுதான், ஈரம் இருந்தால் இன்னும் குறையும். பழைய கடற்கரை மணல் திட்டுகளையும் சாயல்குடிப் பக்கத்துத் தேரியையும் களித் தாழ்வுகளிலிருந்து பிரிக்க இது கைகொடுக்கும். அதாவது மோனசைட் எங்கே என்று சொல்லும், அருமண் ஒட்டிய களி எங்கே என்று சொல்லாது.

செயற்கைக்கோளில் அருமண் தெரியும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தெரிவது களிக் கனிமம் மட்டும், அதுவும் வெறும் மண் வெளியே தெரிந்தால். இந்த மாவட்டத்தில் பாதிக் காட்சியைச் சீமைக்கருவேலம் மூடிவிடும். கண்மாய் வற்றிக் கிடக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான படங்களை எடுங்கள். உயர வரைபடமும் அப்படித்தான்: இங்கே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மீட்டர், இலவசமாகக் கிடைக்கும் தரவின் பிழையே அதைவிட அதிகம். திட்டுகளைப் படத்தைப் பார்த்துக் கையால் வரைவதுதான் சரி. ஆயத்தொலைவு யு.டி.எம். (உலக வரைபடக் கட்ட முறை) 44 வடக்கு மண்டலம். மேற்கு எல்லை 78 டிகிரியை நெருங்குவதால் பக்கத்து மாவட்டத் தரவு 43இல் இருக்கலாம், சேர்க்கும்போது பாருங்கள்.

தொடங்குவதற்கு முன்னாடி புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் தேசியப் புவிவேதி வரைபடத் தரவை இறக்கிப் பாருங்கள். 2 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு கலப்பு மாதிரி. அது மொத்த அருமண்தான், ஆனால் தோரியமும் கூடவே இருக்கும். வீட்டில் உட்கார்ந்தே பாதி மோனசைட்டை ஒதுக்கிவிடலாம்.

வண்டல்மேடு:
ஆகர் பத்தி. முதல் சுற்றுக்கு கடலுக்குக் குறுக்கா வரிசை போடுங்க, வரிசைக்கு வரிசை 5 கிலோமீட்டர், வரிசைக்குள்ள 500 மீட்டர். ஏன்னா இங்க மண்ணு மாறுறது கரைக்குக் குறுக்கா: திட்டு, களர், கண்மாய்த் தாழ்வு, கரிசல்னு. கரையை ஒட்டி நெடுக ஒரே மாதிரி போகும். சதுரக் கட்டம் போட்டா பாதி துளை வீண்.

மூணு அங்குல ஆகர், நாலு அங்குல பி.வி.சி. குழாய். ஒண்ணு ரெண்டு மீட்டர்ல உப்புத்தண்ணி வந்துரும், நடுவுல மணல் அடுக்கு இருந்தா துளை சரிஞ்சு மேல்மண்ணு கீழ போயிரும். குழாயை ஆகர் கூடவே இறக்கணும். சரியுதேன்னு பெண்டோனைட் கரைசல் ஊத்தாதீங்க, அதுவே களிமண்ணு, அதுலயும் அருமண் இருக்கு. ஆகரை எடுத்ததும் வெளிப்பக்கம் அரை சென்டிமீட்டரை பிளாஸ்டிக் கத்தியால சீவி எறிஞ்சுட்டு உள்பக்கத்தை எடுங்க. அரை மீட்டருக்கு ஒரு மாதிரி, ஒண்ணரை கிலோ, இரட்டைப் பை. அங்கேயே 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரை எவ்வளவுன்னு எழுதணும், மண்ணு ஒண்ணுக்குத் தண்ணி ரெண்டரை கலந்து பி.எச். எழுதணும். நிழல்ல காயவைங்க, 105 டிகிரி அடுப்புல போட்டா களிக் கனிமத்தோட தன்மையே மாறிரும்.

கரிசல்ல மேல் ஒரு மீட்டரை ஆழவாரியாப் பிரிக்கறது வீண். கோடையில வெடிச்ச வெடிப்புல மேல்மண்ணு உள்ள விழுந்து விழுந்து கலந்து கிடக்கு. அதை ஒரே மாதிரியா எடுங்க.

இருபதுக்கு ஒண்ணு இரட்டை மாதிரி, இருபதுக்கு ஒண்ணு தெரிஞ்ச தர மாதிரி, சுத்தமான குவார்ட்ஸ் மணல் ஒண்ணு. எந்தப் பை எதுன்னு ஆய்வகத்துக்குத் தெரியக் கூடாது.

சவுடு:
அனுமதியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986 முதல் வனத்துறைக் கட்டுப்பாட்டில். ஒரு கைச் சேறுகூட அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. கண்மாய் நீர்வளத்துறை வசமா ஊராட்சி வசமா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அருமண் எதில் இருக்கிறது என்பது சட்டத்திலும் முக்கியம். தோரியம் உள்ள மோனசைட் அணுக் கனிமம். 2016 அணுக் கனிமச் சலுகை விதிகளில், மணலின் கனமான கனிமங்களில் 0.75 சதவீத மோனசைட் என்று இருந்த எல்லையை 2019இல் பூஜ்யமாக்கிவிட்டார்கள். யுரேனியமும் தோரியமும் இல்லாத அருமண் கனிமம், சுரங்கங்கள் கனிமங்கள் சட்டத்தின் 2023 திருத்தத்தில் உள்ள முக்கியக் கனிமப் பட்டியலில் வருகிறது. ஒரே 600 பி.பி.எம்., எதில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு கதவைத் தட்ட வேண்டும். 'களிமண் அருமண்' என்று தலைப்பிட்டு மோனசைட் வரைபடத்தை வெளியிட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கோட்டைக்கரையான்:
அப்படியானால் வரைபடத்தில் என்ன எண்? கிரிகிங் (புள்ளிகளுக்கு இடையில் மதிப்பைக் கணித்து நிரப்பும் முறை) போட்டு ஒரே பரப்பாக நிறம் கொடுக்கலாம் என்றிருந்தேன்.

தேரிக்காடு:
ஒரே பரப்பு வேண்டாம். திட்டு மணலுக்கும் களித் தாழ்வுக்கும் நடுவில் கிரிகிங் இல்லாத ஒரு சரிவை உண்டாக்கும். மண்டபம் முனையில் இன்னும் மோசம்: பாக் நீரிணைப் பக்கத்துப் புள்ளி மன்னார் வளைகுடாப் பக்கத்துக்கு நிறம் கொடுத்துவிடும். முதலில் மண் வகை எல்லையைப் போட்டு, அதற்குள் மட்டும் இடைக்கணிப்பு. ஒரு வகைக்குள் புள்ளிகள் முப்பதுக்குக் கீழே இருந்தால் கிரிகிங்கே வேண்டாம், வட்டக் குறிகளை அப்படியே காட்டுங்கள்.

வண்டல்மேடு:
நாலு தாள். முதல்ல, உப்பும் சுண்ணாம்பும் கழிச்ச எடைக்கு, 2 மைக்ரானுக்குக் கீழ உள்ள களியோட அருமண். ரெண்டாவது, தோரியம்-சீரியம் வச்சுக் கணக்குப் போட்ட மோனசைட் பங்கு. மூணாவது, பி.எச்.ஐ அதன் போக்குல விட்ட கழுவல்ல வந்தது, முடிவு பி.எச். 5க்குக் கீழ நின்ன மாதிரிகள் மட்டும், மத்த இடம் வெள்ளையா இருக்கட்டும். நாலாவது, மண் பி.எச்.சும் சுண்ணாம்பும். மூணாவது தாள் ஏறக்குறைய காலியாத்தான் வரும், அதுக்காக அதை விட்டுராதீங்க. அடுத்து எங்க போகணும்னு அந்தத் தாள்தான் சொல்லும்: மேற்க, சிவகங்கையத் தாண்டி, பாறை இருந்த இடத்துலயே மக்கி மண்ணு புளிச்சுக் கிடக்கற மேட்டுக்கு.

சவுடு:
முதல் தாளில் ஆக்சைடா தனிமமா என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். தனிமத்தை ஆக்சைடாக மாற்ற லாந்தனத்துக்கு 1.173, சீரியத்துக்கு 1.228, இட்ரியத்துக்கு 1.270 என்று பெருக்கம் மாறும். எழுதாமல் விட்டால் படிப்பவர் இரண்டையும் கலந்து இருபது சதவீதம் கூட்டியோ குறைத்தோ பேசுவார். இட்ரியத்தைச் சேர்த்தீர்களா என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.